வணிகம் விட்டுச்சென்ற கூரை: ஃபுன்துக் முதல் பொண்டோக் வரை

கடல் கடந்து செல்லும் வணிகன் சரக்கை மட்டும் கொண்டுசெல்வதில்லை. சரக்கை வைக்கும் இடத்தின் பெயரையும் உடன் கொண்டுசெல்கிறான். தமிழிலும் தெலுங்கிலும் வழங்கிய கிடங்கு, கிடங்கி என்னும் சொற்கள் மலாய் மொழியில் 'குடாங்' ஆயின. ஐரோப்பியர் நாவில் உருமாறிய அச்சொல், நம் துறைமுகங்களுக்கே 'குடோன்' என்று திரும்பி வந்தது. மேற்கிலிருந்து வந்த மற்றொரு சொல்லும் அதே மலாய்க் கரையில் இறங்கியது. வணிகர் தங்கும் சத்திரத்தைக் குறிக்கும் 'ஃபுன்துக்' என்னும் அரபுச் சொல்லே மலாயிலும் ஜாவாவிலும் 'பொண்டோக்' ஆனது என்று மொழியறிஞர் பலர் கருதுகின்றனர்.

சிங்கப்பூரில் இவ்விரு சொற்களும் அருகருகே வாழ்ந்தன. மார்க்கெட் தெருவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் தம் கூட்டு இருப்பிடத்தைக் 'கிட்டங்கி' என்றனர். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், ஜாவாக் கடலின் சிறு தீவொன்றிலிருந்து வந்த முஸ்லிம்கள் தம் கூட்டு இல்லத்தைப் 'பொண்டோக்' என்றனர். ஒன்று சரக்கறையின் பெயர். மற்றொன்று சத்திரத்தின் பெயர். வாணிகத்திற்கென்று பிறந்த இரு சொற்களும் மனிதர் கூடி வாழும் மனையின் பெயர்களாயின.

வணிகத்திற்கென எழுந்த கட்டடம், வணிகம் நீங்கிய பின்னர் எவ்வாறு வீடாகிறது? கூரையும் சுவரும் இருந்தால் போதுமா? போதாதெனில் வேறு எது வேண்டும்? பாவேயான் மக்களின் பொண்டோக்குகளை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே நமது நோக்கம்.

சத்திரமும் சட்டமும்

'ஃபுன்துக்' என்பதும் அரபு மொழிக்கு வெளியிலிருந்து வந்ததே. எல்லோரையும் ஏற்கும் இடம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லொன்று அதன் மூலம். இஸ்லாமிய நாடுகளில் அது வளர்ந்து, கீழ்த்தளத்தில் சரக்கும் விலங்குகளும், மேல்தளத்தில் வணிகரும், நடுவே முற்றமும் கிணறும் கொண்ட கட்டட வகையாயிற்று. எகிப்திலிருந்து சிரியாவுக்குச் செல்லும் பாலைவழியில் ஒவ்வொரு தங்குதுறையிலும் ஒரு ஃபுன்துக் இருந்ததையும், மக்கள் அதனைக் 'கான்' என்று அழைத்ததையும் 14-ஆம் நூற்றாண்டுப் பயணியான இப்னு பதூதா பதிவுசெய்துள்ளார். இச்சொல் வெனிஸ் நகரம் சென்று 'ஃபோந்தாகோ' ஆயிற்று. வெனிஸ் அரசு துருக்கிய வணிகர் தங்குவதற்கென 1621-இல் ஒதுக்கிய பெருமனை இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது.

இவ்வகை இடங்களின் தன்மையைத் திருக்குர்ஆன் உரையாசிரியர்கள் நுட்பமாகக் கருதியுள்ளனர். பிறர் இல்லத்தில் நுழையுமுன் ஸலாம் உரைத்து இசைவு பெறவேண்டும் என்று விதிக்கும் அந்நூர் அத்தியாயம், அதன் 29-ஆம் வசனத்தில் ஒரு விலக்கையும் தருகிறது. எவரும் குடியிராத, ஆயினும் மக்களுக்குப் பயன்படும் இடங்களில் இசைவின்றி நுழைவதில் குற்றமில்லை என்பது அதன் கருத்து. வழிப்போக்கர் தங்கும் சத்திரங்களையும் சந்தைக் கடைகளையும் இதற்கு எடுத்துக்காட்டாக முற்கால உரையாசிரியர் சிலர் கூறுவர்.

இதனை எதிர்ப்புறமாகத் திருப்பிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். கடையும் சத்திரமும் எல்லோருக்கும் திறந்தவை. வீடோ இசைவு கேட்டு நுழையவேண்டிய இடம். ஆகவே, ஒரு கடை வீடாக மாறும்போது மாறுவது கட்டடம் மட்டுமன்று. வாசலின் சட்டமே மாறுகிறது. 'இங்கே யார் வரலாம், யாரைக் கேட்டு வரலாம்' என்பதை உள்ளே வாழ்வோர் முடிவு செய்யத் தொடங்கும் நாளில்தான் அந்த இடம் இல்லமாகிறது.

ஒரே கடைவீடு, இரு வாழ்க்கைகள்

சிங்கப்பூரின் பழைய நகர்ப்பகுதி கடைவீடுகளால் ஆனது. கீழே வாணிகம், மேலே குடியிருப்பு என்பது அவற்றின் அமைப்பு. உத்தரங்களுக்குக் கிடைத்த மரத்தின் நீளம் முகப்பின் அகலத்தைக் குறுக்கியதால், கட்டடம் பின்னோக்கி நீண்டது. இடையே காற்றுக்கும் வெளிச்சத்திற்கும் ஒரு திறந்த முற்றம் விடப்பட்டது. தெருவை ஒட்டி நடப்பதற்குக் கூரையிட்ட நடைபாதை வேண்டும் என்பது ராஃபிள்ஸின் 1822-ஆம் ஆண்டு நகரத் திட்டத்திலேயே இடம்பெற்றது. அதனையே நம்மவர் 'ஐந்தடி' என்பர்.

வாணிகம் இடம்பெயர்ந்தாலோ நொடித்தாலோ இத்தகைய கடைவீடு வெறும் நீண்ட கூடமாகிவிடும். அவ்வெற்றிடத்தைச் சம்பாத்தியமாக்க ஒரு வழி எளிதில் கிடைத்தது. கூடத்தைப் பலகைத் தடுப்புகளால் சிறுசிறு அறைகளாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே வாடகைக்கு விடுவதே அது. நகரின் சுகாதார நிலையை ஆராய்ந்த பேராசிரியர் சிம்ஸன் 1907-இல் அளித்த அறிக்கை, இத்தடுப்புகள் காற்றையும் ஒளியையும் அடைத்துவிடுவதைச் சுட்டிக்காட்டியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்து பாரிங்டன் கே என்பவர் மேல் நான்கின் தெருவில் நடத்திய ஆய்வும் அதே காட்சியைக் கண்டது. 1960-இல் வெளிவந்த அவரது நூல், சாளரமே இல்லாத தடுப்பறைகளில் குடும்பங்கள் முழுவதும் வாழ்ந்ததை விவரிக்கிறது. அங்கே ஒரே கூரையின் கீழ்ப் பலர் இருந்தனர். ஆனால் கூரையைத் தவிர அவர்களுக்குப் பொதுவானது ஏதுமில்லை. முதல் குடிக்கூலிக்காரர் கட்டடத்தை எடுத்து, இரண்டாமவருக்கு உள்வாடகைக்கு விட்டு, இடைலாபம் பெற்றார்.

இதே வகைக் கடைவீடுகளைத்தான் பாவேயான் மக்களும் எடுத்தனர். ஆனால் அவர்கள் அமைத்தது வேறு.

பாவேயான் தீவும் அதன் மக்களும்

பாவேயான், ஜாவாவின் சுரபாயாத் துறைக்கு வடக்கே சுமார் 150 கி.மீ. தொலைவில் உள்ள சிறு தீவு. அதன் குறுக்களவு ஏறத்தாழ 15 கி.மீ. மட்டுமே. இன்று இந்தோனேசியாவின் கிரெசிக் மாவட்டத்தைச் சேர்ந்தது. மக்கள் மதுரா மொழியின் ஒரு கிளைவழக்கைப் பேசும் முஸ்லிம்கள். இளைஞர் கடல் கடந்து சென்று பொருளும் அனுபவமும் ஈட்டித் திரும்புவது அங்கே வழக்கம்; 'மெரந்தாவ்' என்று அதனைக் கூறுவர். ஆடவர் வெளியேறிப் பெண்களே மிகுந்து நின்றமையால் 'பெண்கள் தீவு' என்னும் பெயரும் அதற்கு வாய்த்தது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பிறந்து வளர்ந்த வாசகருக்கு இச்செய்தி வியப்பளிக்காது. ஆண்டுக்கணக்கில் கணவன்மாரைக் கடலுக்கப்பால் விட்டு வாழ்ந்த மனைகள் நம்மிடையேயும் ஏராளம்.

1849-ஆம் ஆண்டின் சிங்கப்பூர்க் குடிக்கணக்கிலேயே பாவேயான் தீவினர் எழுநூற்றுக்கு மேற்பட்டோர் தனி இனமாகக் குறிக்கப்பட்டனர். நகர மக்கள் அவர்களைப் 'போயான்' என்றனர். 1957-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அவர்கள் தொகை 22,000-ஐக் கடந்தது. தொடக்கத்தில் குதிரைக்காரர்களாகவும் தோட்டக்காரர்களாகவும் பணியாற்றிய அவர்கள், மோட்டார் வண்டிகள் பெருகியபோது வண்டியோட்டிகளாயினர். பந்தயக் குதிரைகளைப் பேணுவதில் அவர்களுக்குத் தனிப்பெயர் உண்டு.

அவர்களை இங்கு ஈர்த்தது கூலி மட்டுமன்று. கிழக்கிந்தியத் தீவுகளின் ஹாஜிகள் கப்பலேறும் பெருந்துறையாகச் சிங்கப்பூர் விளங்கியது. ஹஜ்ஜுக்குப் பணம் சேர்க்க வந்து உழைத்தவரும், ஹஜ் முடித்துத் திரும்பும் வழியில் கடனை அடைக்கத் தங்கி உழைத்தவரும் அவர்களிடையே இருந்தனர். ஆகவே, புனிதப் பயணத்தின் வழித்தங்கலாகவும் பொண்டோக் அமைந்தது. ஃபுன்துக்கின் பழைய பொருள் தொலைதூரத்துத் தீவினரின் வாழ்வில் மீண்டும் உயிர்பெற்றது எனலாம்.

பொண்டோக்கின் ஒழுங்கு

பொண்டோக்குகள் ஊர்வாரியாக அமைந்தன. ஒரே ஊரிலிருந்து வந்தோர் ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வர். கிளப் தெருவின 64-ஆம் எண் கட்டடத்தில் இயங்கிய 'பொண்டோக் பெரானாக்கான் கெலாம் கிளப்' இதற்குச் சான்று. இப்பெயரில் உள்ள கெலாம், சிங்கப்பூரின் கம்போங் கிளாம் அன்று. பாவேயான் தீவின் ஓர் ஊர். 'கெலாம் ஊரின் மக்கள்' என்பதே அப்பெயரின் பொருள்.

ஒவ்வொரு பொண்டோக்கிற்கும் ஒரு தலைவர் உண்டு. ஜாவாவில் ஊர்த்தலைவரைக் குறிக்கும் 'லூரா' என்னும் பெயராலேயே அவரும் அழைக்கப்பட்டார். குடியிருப்போர் மரியாதையுடன் 'பாக் லூரா' என்பர். புதிதாக வருபவரை ஏற்பது, வேலை தேடித் தருவது, பிணக்குத் தீர்ப்பது, திருமணம் பேசி முடிப்பது, மையித்தை அடக்கம் செய்ய ஏற்பாடு செய்வது ஆகிய யாவும் மூத்தோர் துணையுடன் அவர் ஆற்றிய கடமைகள்.

உள்ளமைப்பு எளியது. மணமாகாத ஆடவர் கூடத்தில் பாய் விரித்து உறங்கினர். தத்தம் பெட்டியே அவர்களது உடைமை. குடும்பத்தினருக்குத் தடுப்பறைகள் ஒதுக்கப்பட்டன. சமையற்கட்டு பொது. மாலையில் அதே கூடத்தில் சிறார் குர்ஆன் ஓதினர். ஓய்வு நாளில் அங்கேயே 'கெர்செங்கான்' என்னும் பாவேயான் கலை பயிலப்பட்டது. தஃப் முழங்க, வரிசையாக அமர்ந்தோர் உடலசைத்துப் பாடும் கலை அது. பகலில் தொழிலாளர் சென்றபின் வெறுமையாகத் தோன்றும் கூடம், இரவில் உறங்கறை, மாலையில் மக்தப், பெருநாளில் விருந்து மண்டபம் என உருமாறியது. வணிகன் பண்டங்களைப் பரப்புவதற்காகத் தடுப்பின்றி விட்டிருந்த வெளியே இதற்கு உதவிற்று. அந்த வெளியைத் துண்டாக்கிக் கூலிக்கு விட்டவர்கள் இழந்ததும் இதைத்தான்.

இவ்வமைப்பின் உயிர்நாடி மாதந்தோறும் செலுத்தும் சந்தா. இதனை வாடகை என்று கூறுதல் பொருந்தாது. வாடகை இடத்திற்குரிய விலை. இருந்தால் தரவேண்டும், நீங்கினால் நிறுத்தலாம். பொண்டோக்கின் சந்தாவோ உறவுக்குரிய பங்கு. வேலை வாய்ப்பின் பொருட்டு முதலாளி வீட்டிலோ குதிரைக்கொட்டிலிலோ தங்கியவரும், தம் ஊர்ப் பொண்டோக்கிற்குரிய பங்கைச் செலுத்தி, விடுமுறையிலும் பெருநாளிலும் அங்கே வந்து கூடினர். வேலையற்றுப் புதிதாக வந்தவர், பிழைப்புக் கிடைக்கும்வரை தங்கினார், உண்டார்; பின்னர் அடுத்து வருபவருக்காகத் தம் பங்கைச் செலுத்தினார். பெற்றவரிடமே திருப்பித் தருவது கடன். அடுத்தவருக்குத் தருவது வழிவழி வரும் பொறுப்பு. மதீனாவில் இறையில்லத்தின் நிழலில் தங்கியிருந்த திண்ணைத் தோழர்களை ஊரார் தம் உணவில் பங்கு தந்து பேணிய முன்மாதிரியை அறிந்த சமூகத்திற்கு இந்நெறி புதியதன்று.

எனினும் இதனைக் குறையற்ற பொன்னுலகாகக் காட்ட நாம் விரும்பவில்லை. ஊர்வாரியான அமைப்பு, ஊர்க்காரரல்லாத ஏழை முஸ்லிமுக்கு வாசலைத் திறக்கவில்லை. லூராவின் சொல்லுக்கு மாறாக நடப்பது இளைஞருக்கு எளிதாயிருக்கவில்லை. பலகைத் தடுப்புக்கு அப்பால் பத்துப் பேர் உறங்கும் இடத்தில் புதுமணப் பெண்ணின் மறைவுக்கு என்ன உத்தரவாதம்? இசைவு கேட்டு நுழையும் ஒழுக்கத்தைக் கற்பித்த வசனங்கள், இல்லத்திற்குள்ளேயே மூன்று வேளைகளின் தனிமையைக் காக்கச் சொல்கின்றன. அந்தத் தனிமை பொண்டோக்கில் அரிது. பிற்காலத்தில் தனி வீடு கிடைத்தபோது பலர், குறிப்பாகப் பெண்கள், அதனை விரும்பி ஏற்றிருப்பர் எனில் அதில் குறை காண இயலாது.

கூரை கைவிட்டுப் போன கதை

பொண்டோக்குகளின் மறைவுக்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. முதலாவது, வருவோர் நின்றது. 1950-களில் குடிநுழைவுச் சட்டங்கள் இறுகின. 1963 முதல் 1966 வரை நீடித்த இந்தோனேசிய-மலேசிய மோதல், தீவுடனான போக்குவரத்தையே துண்டித்தது. புதியவரை ஏற்பதற்கென்று எழுந்த இல்லத்திற்குப் புதியவரே இல்லாமற் போயினர்.

இரண்டாவது, வீடு கிடைத்தது. 1960-இல் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடி வீடுகளைப் பெருமளவில் எழுப்பியது. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறிப் புதுநகர்களில் சிதறின.

மூன்றாவது, நிலம் விலையேறியது. 1947-க்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம், நகர்நடுவில் எளியோர் வாழ்வதை நெடுங்காலம் இயலச் செய்தது. அதே காரணத்தால் உரிமையாளர் பழுதுபார்ப்பதையும் கைவிட்டனர். 1966-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டமும் நகரப் புதுப்பிப்பும் பழைய வரிசைகள் பலவற்றை அகற்றின. மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகள் 1970-களில் இவ்வாறே மறைந்தன. வாடகைக் கட்டுப்பாடு 2001-இல் அறவே நீக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில், கடைசியாக எஞ்சிய பொண்டோக்குகளில் ஒன்றான கிளப் தெரு மனையின் இடத்தைத் தேசிய மரபுடைமைக் கழகம் வரலாற்றுத் தலமாக அடையாளப்படுத்தியது. ஆள் நீங்கிய பின்னர் வைக்கப்படும் பலகை அது. பழங்கடைவீடுகள் செப்பனிடப்பட்டு, உணவகங்களும் அலுவலகங்களுமாயின. வணிகம் விட்டுச்சென்ற கூரையை வணிகமே மீட்டுக்கொண்டது.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு மனத்தில் எழுகிறது. கிளப் தெருவிலிருந்து சிறிது தூரம் நடந்தால், சோழியர் 1826-இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலைக் காணலாம். தெலுக் ஆயர் தெருவில் ஓலைக்குடிசையாகத் தொடங்கியதால் 'குச்சுப் பள்ளி' எனப் பெயர்பெற்ற அல்-அப்ரார் பள்ளிவாசலும், 1830-இல் கட்டி முடிக்கப்பட்ட நாகூர் தர்காவும் உள்ளன. அவை நிற்கின்றன, பொண்டோக் நிற்கவில்லை. அரசு அவற்றைத் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவித்தது ஒரு காரணம். ஆனால் அதற்கும் முன்னரே, விற்கவும் மாற்றவும் இயலாதவாறு இறைவழியில் நிறுத்திவைக்கப்பட்ட சொத்து என்னும் வக்ஃபு நெறி இத்தகைய இறையில்லங்களைக் காத்து வந்தது. வாடகை மனையில் வாழ்ந்த பொண்டோக்கிற்கு அந்த அரண் இல்லை. தொழும் இடத்திற்கு வக்ஃபு செய்த சமூகம், உழைப்பாளி உறங்கும் இடத்திற்கும் அதனைச் செய்திருக்கலாகாதா? கெய்ரோவிலும் அலெப்போவிலும் கான்களும் ஃபுன்துக்குகளும் வக்ஃபுச் சொத்துகளாயிருந்து, அவற்றின் வருவாய் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பேணியதை வரலாறு அறியும்.

ஆயினும் எல்லாம் அழிந்துவிடவில்லை. 1934-இல் தோன்றிய சிங்கப்பூர் பாவேயான் சங்கம், ஊர்வாரியாகப் பிரிந்திருந்தோரை ஒரே பெயரின் கீழ் இணைத்தது. கூரை நீங்கியபோதும், கூடிச் செலுத்தும் பங்கும் கூடி எடுக்கும் முடிவும் சங்கத்தின் வடிவில் தொடர்ந்தன.

நமக்குரிய வினா

இவ்வரலாறு பழையது என்று மூடிவைக்க இயலாது. 2020 ஏப்ரலில் கோவிட் பெருந்தொற்று சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளில் பரவியபோது, அவற்றில் சுமார் 3,00,000 பேர் வாழ்வதை உலகம் அறிந்தது. தமிழகத்திலிருந்து சென்ற இளைஞர் பலர் அவர்களுள் இருந்தனர். அவ்விடுதிகளில் ஒரு வகை, தொழிற்சாலைக் கட்டடங்களின் ஒரு பகுதியை உறங்கும் இடமாக மாற்றியமைத்தவை. பயன் நீங்கிய தொழில்மனை மீண்டும் மனிதரின் கூரையாயிற்று. 2021-இல் அரசு புதிய விடுதிகளுக்கு விதித்த நெறி, ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்றும், ஒருவருக்கு 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்றும் வரையறுத்தது. இது வரவேற்கத்தக்கதே. பொண்டோக்கின் கூடத்தில் அவ்வளவு இடம் ஒருவருக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

ஆனால் சதுர மீட்டர் வரையறுக்காத ஒன்றும் உண்டு. பொண்டோக்கில் வாழ்ந்தவன் அதன் பங்காளி. புதியவரை ஏற்பதா என்று கேட்கப்பட்டவன், பிணக்கில் சொல் உடையவன், தான் இறந்தால் அடக்கம் செய்யக் கைகள் உண்டு என்று அறிந்தவன். விடுதியில் வாழ்பவனோ வேறொருவரின் பொறுப்பில் உள்ளவன். அவனுக்குப் படுக்கை உண்டு; வாசலின்மீது சொல் இல்லை. அந்நூர் அத்தியாயத்தின் அளவுகோலால் நோக்கின், ஒன்று இல்லம். மற்றொன்று, பலர் நிலையாக உறங்கினும், இன்னும் சத்திரமே.

நம் ஊர்களிலும் நகர்களிலும் வணிகம் நீங்கிப் பூட்டிக் கிடக்கும் கடைகளும் பண்டகசாலைகளும் உள்ளன. அவற்றுள் வக்ஃபுச் சொத்துகளும் உண்டு. வேலை தேடி வட மாநிலங்களிலிருந்து வரும் உழைப்பாளரும், கல்விக்காக வரும் ஏழை மாணவரும் தங்க இடமின்றி அலைகின்றனர். இவ்விரண்டையும் இணைக்க எண்ணுவோர் உளர். அவர்களுக்குப் பாவேயான் மக்களின் வரலாறு இரண்டு செய்திகளைக் கூறுகிறது. கூரையை விற்க இயலாததாக்குங்கள் என்பது ஒன்று. கூரையின் கீழ் வாழ்வோரைப் பங்காளிகளாக்குங்கள் என்பது மற்றொன்று. முதலாவதைச் செய்யாததால் பொண்டோக் மறைந்தது. இரண்டாவதைச் செய்ததால்தான் அது மறைந்த பின்னும் நினைக்கப்படுகிறது.